தட்டில் வைத்துக் கொடுத்த நோட்டீஸ்

சிதம்பரம்
05.12.2025

அனுப்புநர்: உத்திராபதி, கூட்டுறவுக் கண்காணிப்பாளர் (ஓய்வு), வாதி.
பெறுநர்: செந்தமிழ்செல்வன், சிதம்பரத்தை ஒட்டிய எங்கள் பேரூராட்சியின் செயல் அலுவலர், பிரதிவாதி மற்றும் என் மனைவியின் தம்பி.
பொருள்: உன்மீது நான் தொடுத்த வழக்குக்கு எண் கிடைத்தது – தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: 1. என் வாசல் சரிவை நீ இடித்த நாள் 19.08.2025. 2. உனக்கு நான் தந்த நோட்டீஸ், நாள் 07.09.2025.

மச்சான்,

நம்பர் விழுந்துவிட்டது. நவம்பர் பத்தாம் தேதி தாக்கல் செய்த பிராதை இரண்டு முறை குறை சொல்லித் திருப்பினார்கள். மூன்றாம் முறை ஒரு காற்புள்ளி பிசகாமல் கொடுத்தேன். நேற்று மூன்றரை மணிக்கு எண் போட்டார்கள். கீழவீதியில் நடந்து வரும்போது எதிரே வந்த மூன்று பேரிடம் சொன்னேன். அதில் ஒருவர் யாரென்றே எனக்குத் தெரியாது.

இன்னும் ஒரு வாரத்தில் உனக்குச் சம்மன் வரும். பயப்படாதே. உன்மேல் எனக்குத் தனியாகக் கோபம் ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற இந்த ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று அதிகாரிகள்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன், நீ இருபத்து நாலாவது ஆள். கழிவுநீர்க் கால்வாய்க்கு மேல், வீட்டுக்குள் வண்டி ஏற்ற நான் போட்டிருந்த சிமெண்ட் சரிவை ஜேசிபி விட்டு இடித்தாய். வேறு எந்த அதிகாரி இடித்திருந்தாலும் கோர்ட்டுக்கு இழுத்திருப்பேன். மனைவியின் தம்பி என்று உன்னை மட்டும் விட்டால், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிற பதினான்காம் பிரிவு என் வீட்டு வாசலிலேயே செத்துப்போகும்.

என் ஸ்கூட்டர் இப்போது தெருவில் நிற்கிறது. சுதந்திரமாக நடமாடும் உரிமை போயிற்று, அது பத்தொன்பதாம் பிரிவு. எவன் தள்ளிக்கொண்டு போவானோ என்று தூக்கமும் போயிற்று, அது இருபத்தொன்று. மூன்று அடிப்படை உரிமை மீறலுக்கும் சேர்த்து உன் பெயரிலேயே நஷ்ட ஈடு கேட்டிருக்கிறேன்.

உன் அக்கா புஷ்பவள்ளி இரண்டு நாளாகச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. போனில் நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய், அதனால்தான் கடிதம். நீயும் எழுது. எழுத்தில் இருந்தால்தான் எதுவும் நிற்கும்.

இப்படிக்கு,
உத்திராபதி


கடலூர், மஞ்சக்குப்பம்
11.12.2025

மாமா அவர்களுக்கு செல்வன் எழுதுவது.

முதலில் ஒன்று. வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் பொருள், பார்வை எல்லாம் போடாதீர்கள். ஸ்ரீமதி உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பித் தண்ணீர் கொடுத்து, இது உன் அண்ணன் முறை ஆகிற மனுஷனின் அன்புக் கடிதம்தான் என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

சம்மன் செவ்வாய்க்கிழமை வந்தது. ஆய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது, பதினாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கோர்ட் அமீனா நேரே உள்ளே வந்து, வாதி பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இவரு உங்களுக்கு வேண்டாதவரா சார்?" என்று கேட்டார். "எங்க அக்கா வூட்டுக்காரரு" என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் யாரும் குடிநீர் பற்றிப் பேசவில்லை.

மாமா, அந்தத் தெருவில் மொத்தம் நாற்பத்தொரு சரிவுகள் இடித்தேன். மழைக்கு முன்னால் கால்வாயைத் தூர் வார வேண்டியிருந்தது. உங்களுடையது முப்பத்தாறாவது. மூன்று முறை முன்னறிவிப்புக் கொடுத்தோம். மூன்றுக்கும் எட்டெட்டுப் பக்கம் பதில் எழுதினீர்கள், சரிவை மட்டும் எடுக்கவில்லை. ஜேசிபி ஓட்டுநர் உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க அக்கா வூடாச்சே, வுட்டுட்டுப் போயிடலாமா?" என்றார். விட்டிருந்தால் அதற்கும் நீங்கள்தான் வழக்குப் போட்டிருப்பீர்கள்.

பிளாக் செய்ததைக் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் உங்களுக்கு ஆறுதலாக நான் போனில் பேசியதைப் பதிவு செய்து, டைப் அடித்து, வேறு ஒருவர்மேல் போட்ட வழக்கில் ஆவணமாகக் கொடுத்தீர்கள். அதில் என் மேலதிகாரியைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இனி உங்களுடன் போனில் பேச எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியாக ஒன்று சொல்கிறேன். இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வரி வசூலிக்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்தவன் நான், முப்பத்தாறு வருஷம் ஆகிறது. வருகிற மே மாதம் ஓய்வு. உதவி இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. ஜனவரி முப்பத்தொன்றோடு பட்டியலை முடிக்கிறார்கள். அதற்குள் என் பெயரில் நிலுவை வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், அடுத்த பட்டியல் வரும்போது நான் வேலையிலேயே இருக்க மாட்டேன். மூன்று மாதமாவது அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் மாமா. எனக்கு அந்த ஆசை உண்டு, சொல்ல வெட்கமில்லை.

வாபஸ் வாங்கிவிடுங்கள்.

செல்வன்


சிதம்பரம்
16.12.2025

மச்சான்,

பொருள், பார்வை வேண்டாம் என்றாய். போடவில்லை. கை அரிக்கிறது.

சம்மன் பதினாலு பேர் முன்னிலையில் சேர்ந்தது என்று படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய், எழுதவில்லை. பதவி உயர்வு விஷயம் சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேனா என்றால், போட்டிருப்பேன். ஆனால் இரண்டு வாரம் முன்னால் போட்டிருப்பேன், சீக்கிரம் முடிந்திருக்கும்.

வாபஸ் மட்டும் கேட்காதே. வாங்கினால் அந்த இருபத்து மூன்று பேரும், "மச்சான்னா மட்டும் வுட்டுட்டாரு பாரு" என்பார்கள். வக்கீல் வைக்காமல் நானேதான் வாதாடப் போகிறேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் தினம் பயிற்சி. முப்பத்து நாலு ஆவணம், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு தாளையும் விடவில்லை. இந்தத் தெருவுக்காக நான் எழுதிய மனு அத்தனையும் உள்ளே இருக்கிறது. நீதிபதி அதைப் படித்தாலே நான் எப்பேர்ப்பட்டவன் என்று தெரிந்துவிடும்.

நான் ஒன்றும் திடுதிப்பென்று கோர்ட்டுக்குப் போகவில்லை. அரசு அலுவலர்மேல் வழக்குப் போட இரண்டு மாதம் முன்னால் எண்பதாம் பிரிவு நோட்டீஸ் தர வேண்டும். மற்ற எல்லாருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்தான். உனக்கு மட்டும், எங்கள் பெண் வெண்மதியின் வளைகாப்புக்கு அழைக்க நானும் உன் அக்காவும் உன் வீட்டுக்கு வந்தபோது, பத்திரிகையோடு தாம்பூலத் தட்டில் வைத்து என் கையால் தந்தேன். நெருங்கிய சொந்தத்துக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பினால் மரியாதையா? நோட்டீஸுக்கும் அதே மரியாதைதான். நீ அன்றைக்கே பேசியிருக்கலாம், ஒரு வரி கேட்டுவிட்டு மிக்சரைக் கொறித்துக்கொண்டிருந்தாய்.

இந்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்று உன் அக்கா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவளை உன் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டுவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

உத்திராபதி


கடலூர்
03.01.2026

மாமா,

புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் வழக்கு முடிந்தது.

இதை எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை. நேற்று அரசு வக்கீல் சத்யப்பிரியாவைப் போய்ப் பார்த்தேன். முப்பது, முப்பத்திரண்டு வயதுதான் இருக்கும். உங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை ஒரு மணி நேரம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "சார், இவரு எல்லாத்தையும் வெச்சிருக்காரு, நோட்டீஸ் உங்க கைக்கு வந்து சேந்ததுக்கு மட்டும் ஒரு அத்தாட்சியும் இல்லியே. தபால் ரசீது இல்ல, அட்டை இல்ல. உங்களுக்கு வந்துதா?" என்றார். நான் தட்டுக் கதையைச் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சிரித்தார்.

விஷயம் இவ்வளவுதான். நோட்டீஸ் இல்லையென்றால் வழக்கே செல்லாது. விசாரணை கிசாரணை ஒன்றும் வேண்டாம், பிராதை முதல் நாளே நிராகரித்துவிடலாம். எனக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் நான் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ஜனவரி இருபத்திரண்டாம் தேதி விசாரணை. பட்டியல் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. ஸ்ரீமதி கேசரி கிளறினாள். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இருபத்து மூன்று பேரிடம் அட்டை வாங்கி வைத்த மனுஷர், இருபத்து நாலாவது ஆளிடம் வாங்காமல் போனீர்களே மாமா. உங்கள் ஒப்புகை அட்டை எங்கே?

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பொங்கல் வரிசை கொண்டு வருகிறேன். வழக்கு வேறு, வரிசை வேறு. கரும்பு இந்த முறை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறேன்.

செல்வன்


சிதம்பரம்
07.01.2026

செல்வன்,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன்.

வழக்கு தோற்கட்டும். இருபது வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கிறது, ஒன்றுக்குக்கூட நான் சாப்பிடாமல் இருந்ததில்லை. தள்ளுபடி ஆன அன்றைக்கே அடுத்த மனுவுக்குத் தாள் வாங்கிக்கொண்டு வந்தவன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் ஏழாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு நீ தட்டை வாங்கினாய். வெற்றிலையை நகர்த்திவிட்டுப் பத்திரிகையை எடுத்தாய், அதற்கு அடியிலிருந்த நீளக் கவரை எடுத்தாய், பிரித்தாய். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இன்னா மாமா இது, வளைகாப்புக்கு அழைக்க வந்த அன்னிக்கேவா" என்றாய். உன் மனைவி வாழைப்பழத்தை எடுத்து உள்ளே கொண்டு போனாள். உன் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடு. எனக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல். வாங்கினாயா, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம் என்று எழுதலாம் என்றிருந்தேன். உன் அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "எங்க அப்பா வூட்டு வரிசைய நிறுத்த நீங்க யாரு?" என்று கேட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. ஆகவே வா.

உத்திராபதி


கடலூர்
13.01.2026

மாமா,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். நீங்கள் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தீர்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். "மாமா எங்கக்கா?" என்று கேட்டேன். "வாதி உள்ள இருக்காரு, பிரதிவாதி இங்கயே உக்காரு" என்றாள் அக்கா. நடுவில் கதவு ஒரு விரல் திறந்து, கரும்பு எத்தனை கட்டு என்று பார்த்துவிட்டு மூடியது. அதையும் பார்த்தேன்.

அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். போன வருஷம் வரை முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர்க் கறை இருந்த சுவர். இந்த வருஷம் மழைக்குப் பிறகும் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. "நீ இடிச்சது நல்லதாப் போச்சுடா. அத அவருகிட்ட சொல்ல முடியாது, உன்கிட்ட சொல்றேன்" என்றாள். பிறகு, "நோட்டீஸ் வரலன்னு எழுதிக் குடுக்கப் போறியாமே. அவரு ஒரு வாரமா ரசம்கூட ஊத்திக்கல" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மாமா, நீங்கள் போட்டது உப்புச் சப்பில்லாத வழக்கு. இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்லுவேன். இந்த மாதிரி வழக்குக்குப் பயந்துகொண்டு எத்தனையோ அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்துப் பேரூராட்சியில் இருக்கிறவர், உங்களை மாதிரி ஒருத்தருக்குப் பயந்து, ஒரு கால்வாயையும் தொடுவதில்லை. அங்கே மழைக்கு ஊரே மிதந்தது. ஒரு வீண் வழக்கை ஒரு சின்னப் பொய் சொல்லி முடித்தால் என்ன தப்பு என்று என்னை நானே ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முப்பத்தாறு வருஷம் மாமா. ஒரு வரிதான்.

பிரமாணப் பத்திரம் டைப் ஆகி என் பையில் இருக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: வாங்கினேன். கையில்தான் வாங்கினேன். இது உங்களுக்கு மட்டும் எழுதுவது. கோர்ட்டில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்தக் கடிதத்தை நீங்கள் ஆவணமாகப் போட்டால் நான் தீர்ந்தேன், அதுவும் தெரிந்துதான் எழுதுகிறேன். உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை.

பொங்கல் வாழ்த்துகள்.

செல்வன்


கடலூர்
23.01.2026

மாமா,

நேற்று நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இருந்தாலும் நான் எழுதத்தான் போகிறேன், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. காலையில் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டேன்.

உங்களுக்குத் தெரியாததை முதலில் சொல்கிறேன். விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம் வரை அந்த வரி பிரமாணப் பத்திரத்தில் இருந்தது. சத்யப்பிரியா பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, 'இதில் கூறியவை யாவும் உண்மை' என்று இருந்தது. இந்த வாசகத்துக்குக் கீழே ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் மாமா, நானே போட்டதில்லை. பேனாவை வாங்கி அந்த நோட்டீஸ் வரியைக் குறுக்கே அடித்தேன். சத்யப்பிரியா என்னையே பார்த்தார். "சார், அதுதான் நம்ம கேஸே" என்றார். "தெரியும்மா" என்றேன். "வேற பாயிண்ட் ஏதாச்சும் இருந்தா பாரும்மா." அவருக்குக் கோபம். வீட்டுக்கு வந்து ஸ்ரீமதியிடம் சொன்னேன். அவள், "அந்தப் பழத்த நான்தான எடுத்துட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் நம் வழக்கைக் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கம் நீங்கள், வெள்ளைச் சட்டை, கட்டுக் கட்டாகத் தாள். நீதிபதி அம்மா பிரமாணப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு வரிய அடிச்சிருக்கே, ஏன்?" என்றார். நான் எழுந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"நோட்டீஸ் வந்துதும்மா. செப்டம்பர் ஏழாம் தேதி என் வூட்டுல குடுத்தாரு. நான் கையில வாங்கினேன்."

"யாரு மூலமா?"

"தாம்பூலத் தட்டுலங்க அம்மா. அவரு எங்க அக்கா வூட்டுக்காரரு. பொண்ணு வளைகாப்புக்கு அழைக்க வந்தாங்க, பத்திரிகைக்கு அடியில இருந்துது."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "அப்ப நோட்டீஸ் இல்லங்கற காரணம் போச்சு" என்று எழுதிக்கொண்டார். என் உதவி இயக்குநர் நாற்காலியும் அந்த நிமிஷம் போயிற்று என்றுதான் நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மனசு லேசாக இருந்தது.

அப்போது நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள். நன்றாகத்தான் பேசினீர்கள் மாமா, பொய் சொல்லக் கூடாது. பதினான்கு, பத்தொன்பது, இருபத்தொன்று. அத்தோடு நிறுத்தியிருந்தால் வழக்கு இன்னும் இரண்டு வருஷம் ஓடியிருக்கும். "என் பொதுநலத் தொண்டுக்கு ஆதாரம் பதினேழாவது ஆவணம், தயவுசெய்து படிக்கணும்" என்று நீங்களேதான் எடுத்துக் கொடுத்தீர்கள். அவர் சத்தமாகவே படித்தார். 2019-இல் நீங்கள் கொடுத்த மனு. 'எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய்மேல் உள்ள அனைத்துச் சரிவுகளையும், உறவோ செல்வாக்கோ பாராமல், ஒன்று விடாமல் உடனே அகற்றக் கோருகிறேன்.'

"இது நீங்க குடுத்த மனுதான?"

"ஆமாங்க அம்மா, நானேதான் குடுத்தேன்."

"அந்தத் தெருவுலதான உங்க வூடும் இருக்கு?"

நீங்கள் கையிலிருந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, உங்களைப் பார்க்கவும் முடியவில்லை. "நீங்க கேட்டதத்தான் அவரு செஞ்சிருக்காரு. இதுல உரிமை மீறல் எங்க இருக்கு?" என்றார். வழக்குக்கு எந்த மூலகாரணமும் இல்லை, கடமையைச் செய்த அலுவலரை அலைக்கழிக்கும் வீண் வழக்கு என்று சொல்லி, பிராதை அங்கேயே நிராகரித்தார். உங்களைச் செலவுத் தொகை கட்டவும் சொன்னார். சத்யப்பிரியா வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்கு அந்த வராந்தாவிலேயே ஓட வேண்டும் போல இருந்தது.

தீர்ப்பு நகல் முப்பத்தொன்றுக்குள் கைக்கு வருமா என்று தெரியவில்லை. நகல் பிரிவில் ஏகப்பட்ட கூட்டம், நடுவில் மூன்று நாள் விடுமுறை. வராவிட்டால் ஜெயித்தும் பிரயோஜனமில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். நான் எழுந்து நின்றபோது உங்கள் சட்டைப்பையைப் பார்த்தேன். பொங்கலுக்கு நான் எழுதிய கடிதம் அதில் இருந்தது, என் கையெழுத்து எனக்குத் தெரியாதா. வாங்கினேன் என்று நானே எழுதிக் கொடுத்த தாள். போனில் பேசியதைக்கூட ஆவணமாகப் போட்டவர் நீங்கள். நான் வாய் திறக்கும் முன்னாலேயே அதை எடுத்து நீட்டியிருக்கலாம். ஏன் எடுக்கவில்லை?

செல்வன்


சிதம்பரம்
27.01.2026

மச்சான்,

இத்துடன் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வைத்திருக்கிறேன். இரண்டு பிரதி. தீர்ப்புச் சொன்ன அரை மணி நேரத்தில் அவசர நகலுக்கு மனுப் போட்டது நான்தான். வாதி தோற்ற தீர்ப்புக்கு வாதியே இப்படிப் பறந்து வந்து நான் பார்த்ததில்லை என்று நகல் பிரிவில் ஒருவர் சொன்னார். அங்கே எனக்கு எல்லாரையும் தெரியும், ஆறு வருஷப் பழக்கம். இன்று காலை ஆபீஸ் திறக்கும்போதே வாசலில் நின்றேன். இரண்டரை மணிக்கு முத்திரை விழுந்தது. தபாலை நம்பவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் உன் அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நானே வந்திருப்பேன், உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. அப்படியே உன் இயக்குநர் அலுவலகத்துக்குக் கொண்டு போய்க் கொடு. மூன்று நாள் இருக்கிறது, போதும்.

பதினேழாவது ஆவணத்தைப் பற்றிப் பேசாதே. நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் பால் வாங்கப் போனால், "சார், உறவோ செல்வாக்கோ பாக்காம அரை லிட்டர் குடுக்கட்டுமா?" என்று கேட்கிறான். மேல்முறையீடு போட மாட்டேன். சரிவு இடிந்தது நல்லதுதான், சுவரை நானும் பார்த்தேன்.

கடிதத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாய். நீ எழுந்தபோது என் கை பைக்குள் போய்விட்டது மச்சான். எடுத்திருந்தால் நோட்டீஸ் நிரூபணம் ஆகியிருக்கும், ஆனால் நீயாகச் சொல்வாயா என்று எனக்குத் தெரியாமல் போயிருக்கும். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. வழக்கு எனக்கு அப்போது மறந்தே போயிற்று.

இதை உன் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா செத்து ஒரு வருஷம். விதவை உதவித்தொகைக்கு அம்மா மனு எழுதி வாங்கி, எங்கள் ஊர் குடிகாட்டிலிருந்து கடலூருக்கு நடந்து போய் ஒரு அதிகாரியிடம் கொடுத்தாள். ஐந்து முறை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவர் கையை நீட்டி வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெரிய அதிகாரி மனு வாங்கும் நாளில் போய் நின்றோம். அம்மாவுக்குப் பின்னால் இருநூறு பேர் வரிசை. அவர் அந்த அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். "இந்தம்மாவ நான் பாத்ததே இல்லங்க. மனு எதுவும் வரல" என்றார் அவர். பெரியவர் அம்மாவைப் பார்த்து, "பொய் சொல்லாதம்மா, போ" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நடந்து வீடு வந்து சேரும்வரை, "கையிலதான்டா குடுத்தேன், நீ பாத்த இல்ல" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு அவள் எந்த ஆபீஸ் படியும் ஏறவில்லை. உதவித்தொகை வாங்காமலேயே செத்தாள்.

இந்த ஆறு வருஷத்தில் இருபத்து மூன்று பேருக்கு நோட்டீஸ் கொடுத்தேன். பாதிப் பேர் வரவில்லை என்றார்கள். அட்டையைக் காட்டினால், அது என் கையெழுத்து இல்லை, தபால் பிரிவில் யாரோ போட்டது என்றார்கள். நான் போட்டதெல்லாம் நல்ல வழக்கு என்று சொல்ல மாட்டேன். இனிமேல் போட மாட்டேன் என்றும் சத்தியம் செய்ய மாட்டேன், என்னை எனக்குத் தெரியும்.

நகலில் நாலாவது பத்தியைப் பார். 'எதிர்தரப்பு அலுவலர் அறிவிப்பைத் தம் கையால் பெற்றுக்கொண்டதாகத் தாமே எழுந்து தெரிவித்தார்' என்று அச்சாகியிருக்கிறது. உன் அக்காவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தினேன், அவள் வாங்கி மீதியைப் படித்தாள்.

நாற்பத்தைந்து வருஷமாக ஒரு அதிகாரி எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, ஆமாம், வாங்கினேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தன் நாற்காலி போகும் என்று தெரிந்தும் என் மச்சான் சொன்னான். அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

உத்திராபதி